கை இன்னும் பழைய செயலியில் இருக்கிறது

கேள்வி: திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது மேலாளர். வயது 51. நிட்டிங், டையிங், தையல் யூனிட் என்று ஏறக்குறைய 140 பார்ட்டிகள். ஆறு ஆண்டுகளாக எங்கள் வேலைகளைப் பலகை மாதிரியான ஒரு செயலியில் வைத்திருந்தோம். பார்ட்டிக்கு ஓர் அட்டை. ‘பில் வரவேண்டும்’, ‘பதிவு’, ‘சரிபார்ப்பு’, ‘தாக்கல்’ என்று நான்கு வரிசை. வேலை நடக்க நடக்க அட்டையை இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போவேன். ஆடிட்டர் ஐயாவின் மகன் படிப்பை முடித்து அலுவலகத்துக்கு வந்ததும், தேதிவாரியாக வேலைகளைப் பட்டியலிடும் வேறொரு செயலிக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். ஏழு வாரம் ஆகிறது. காலையில் திறந்தால் 147 வேலைகள் சிவப்பில் நிற்கின்றன. பாதிக்கு மேல் எப்போதோ தாக்கல் செய்தவை. போன மாதம் ஒரு பார்ட்டிக்கு 15ஆம் தேதி கட்டவேண்டிய பி.எஃப். விட்டுப்போயிற்று. செயலியில் அது 19ஆம் தேதிதான் தலைகாட்டியது. வட்டியோடு கட்டினோம். என் கையால் தேதி தவறியது இந்த 19 ஆண்டில் அதுதான் முதல் தடவை. இப்போது யாருக்கும் தெரியாமல் பழைய செயலியையும் திறந்து வைத்திருக்கிறேன். போதாததற்கு ஒரு நோட்டிலும் எழுதுகிறேன். ஐயாவின் மகனான அந்தத் தம்பியிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவரைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவள் நான். வயதானதால்தான் எனக்கு இது ஏறவில்லையா? பழையதற்கே போய்விடலாம் என்று ஐயாவிடம் சொல்லலாமா?

பதில்: முதலில் அந்த 19ஆம் தேதியைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உபயோகமான தகவல் அதுதான். நீங்களோ அதை ஒரு குற்ற ஒப்புதல் போல எழுதியிருக்கிறீர்கள்.

நான் நினைப்பது இது. அதற்கு முந்தைய மாதம் அந்தப் பார்ட்டியின் பி.எஃப். தொகையை நீங்கள் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட்டீர்கள். ஆனால் செயலியில் டிக் போடவில்லை. கை இன்னும் பழகவில்லை, 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. நெருக்கடி வேறு. நான்கு நாள் கழித்து, 19ஆம் தேதி, சிவப்பாக நின்ற அந்த வரியைப் பார்த்து, ‘அட, இதைத்தான் கட்டியாயிற்றே’ என்று டிக் போட்டிருப்பீர்கள். அந்த நொடியில் செயலி அடுத்த மாதத்துக்கான வேலையைத் தானாக உருவாக்கியது. எந்தத் தேதிக்கு? 19ஆம் தேதிக்கு. போன மாதம் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

திரும்பத் திரும்ப வரும் வேலைகளை இத்தகைய செயலிகள் இரண்டு விதமாக எண்ணும். ஒன்று, கெடுதேதியிலிருந்து எண்ணுவது: எப்போது டிக் போட்டாலும் அடுத்தது 15ஆம் தேதியே. மற்றொன்று, முடித்த நாளிலிருந்து எண்ணுவது: 19ஆம் தேதி முடித்தால் அடுத்ததும் 19. இரண்டாவது முறை தவறானதன்று. வண்டிக்கு ஆயில் மாற்றுவதற்கும், குடிநீர் இயந்திரத்தில் ஃபில்டர் மாற்றுவதற்கும் அதுதான் சரி. இரண்டு வாரம் தள்ளி மாற்றினால் அடுத்ததும் இரண்டு வாரம் தள்ளித்தானே வரவேண்டும்? ஆனால் அரசாங்கத்தின் தேதி உங்கள் வசதிக்காக நகராது. டுடூயிஸ்ட் என்ற செயலியில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஓர் ஆச்சரியக்குறிதான். ‘எவ்ரி மன்த்’ என்று அடித்தால் கெடுதேதியிலிருந்து. ‘எவ்ரி’க்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டால் முடித்த நாளிலிருந்து. டிக்டிக் போன்றவற்றில் இதற்கென்று அமைப்பில் தனித் தெரிவு இருக்கிறது. உங்கள் செயலியில் எங்கே இருக்கிறது என்பதை அமைத்துக்கொடுத்தவரைத்தான் கேட்கவேண்டும். அவர் எங்கே கைவைத்தாரோ அங்கேதான் இந்தப் பிழை பிறந்திருக்கிறது. உங்கள் ஞாபகத்தில் பிறக்கவில்லை.

உங்கள் தொழிலில் இதைவிடக் கள்ளத்தனமான தேதிகளும் உண்டு. பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரியான டி.டி.எஸ். தொகையை மறுமாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ‘மாதாமாதம் 7’ என்று போட்டுவிடலாம்போல் தோன்றும். ஆனால் மார்ச் மாதத்துத் தொகைக்குக் கெடு ஏப்ரல் 30. காலாண்டு அறிக்கையும் அப்படியே: ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31 என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வண்டி, கடைசிக் காலாண்டில் மட்டும் ஏப்ரலைத் தாண்டி மே 31இல் போய் நிற்கும். ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை’ என்று செயலியிடம் சொன்னால் அது ஏப்ரலிலேயே உங்களை உலுக்கும். அந்த வேலையைத் தள்ளிப்போட்டு மே மாதம் முடித்தீர்களானால், முடித்த நாளிலிருந்து எண்ணும் செயலி அடுத்ததை ஆகஸ்டில் கொண்டுபோய் வைக்கும். ஜூலை 31 சத்தமில்லாமல் கடந்துபோகும். ஆகவே காலாண்டு அறிக்கையை ஒரே விதியில் அடைக்காதீர்கள். நான்கு தனி வேலைகளாக எழுதி, ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை வருமாறு, கெடுதேதியிலிருந்து எண்ணுமாறு வையுங்கள். ஏப்ரல் 30 டி.டி.எஸ்.ஸுக்கும் தனி வேலை. எழுதும்போது சலிப்பாக இருக்கும். ஓராண்டுக்கு மறக்கலாம்.

இதையெல்லாம் பழைய செயலி எப்படிச் சமாளித்தது என்று கேட்பீர்கள். அது சமாளிக்கவில்லை. நீங்கள் சமாளித்தீர்கள். மாதம் பிறந்ததும் எல்லா அட்டைகளையும் இடப்பக்க வரிசைக்கு இழுத்துவந்து, ஒவ்வொன்றிலும் தேதியைக் கையால் போட்டவர் நீங்கள்தானே? தேதி உங்கள் தலையில் இருந்தது, அட்டை அதை ஞாபகப்படுத்தியது. புதிய செயலி, ‘தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அந்த வேலையை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. வாங்கியதைச் சரியாகச் செய்கிறதா என்று யாரும் சரிபார்க்கவில்லை.

இனி அந்த 147.

பலகைச் செயலியில் ‘முடிந்தது’ என்பது ஓர் இடம். அட்டை கடைசி வரிசைக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. அதற்குமேல் நீங்கள் அதைத் தொடவேண்டியதில்லை. பட்டியல் செயலியில் ‘முடிந்தது’ என்பது ஒரு செயல். வட்டத்தைத் தொட்டு டிக் போட்டால்தான் உண்டு. தம்பி பழைய செயலியிலிருந்து எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கிப் புதியதில் ஏற்றினாரே, அப்போது அட்டையின் பெயர் வந்தது, தேதி வந்தது. ‘தாக்கல்’ வரிசையில் இருந்தால் முடிந்துவிட்டது என்று பொருள் என்ற உங்கள் அலுவலக வழக்கம் வரவில்லை. அது எந்தக் கோப்பிலும் எழுதப்படாத வழக்கம். முடிந்த வேலைகளும் டிக் இல்லாமல், கடந்துபோன தேதியோடு வந்து இறங்கின. தேதி கடந்து டிக் இல்லாமல் கிடந்தால் சிவப்பு. அதற்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

இந்தச் சிவப்பை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. பொய்யாகச் சிவக்கும் பட்டியல் இல்லாத பட்டியலைவிட மோசம். நாலு நாள் பார்த்தால் கண் மரத்துப்போகும். ஐந்தாம் நாள் உண்மையான ஒரு சிவப்பு அதற்குள் ஒளிந்து நிற்கும்போது அதையும் சேர்த்துக் கடந்துபோவீர்கள். அதனால் இதை அன்றாடம் பத்துப்பத்தாகக் குறைக்கலாம் என்று எண்ணாதீர்கள். ஒரு சனிக்கிழமை மதியம் ஒரேயடியாக உட்காருங்கள். ஒருவர் ஜி.எஸ்.டி. தளத்திலும் வருமான வரித் தளத்திலும் தாக்கல் நிலையைப் பார்த்து வாசிக்க, மற்றவர் டிக் போட வேண்டும். பழைய செயலியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள், உங்கள் ஞாபகத்தையும் அழைக்காதீர்கள். அரசுத் தளம் ‘தாக்கல் ஆனது’ என்று சொன்னால் டிக். மீதி நிற்பவை மட்டுமே உங்கள் வேலை. ஒரு சின்ன எச்சரிக்கை: திரும்ப வரும் வேலையாக அமைத்திருக்கும் எதையும் அந்த மதியம் டிக் போடாதீர்கள். முதலில் அதன் எண்ணும் முறையைத் திருத்தி, பிறகு போடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமைத் தேதியில் அடுத்த மாதம் ஒரு படையே வந்து நிற்கும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

நான் தமிழ்த் தட்டச்சு படித்தவள். ‘யளனக’ என்று முதல் பாடம் தொடங்கும் அந்தக் கனத்த இரும்பு இயந்திரத்தில் மேல்நிலைத் தேர்வு எழுதியவள். பிறகு கணினி வந்தது; அதிலும் அதே விசைப்பலகை முறையைப் போட்டுக்கொண்டு பல ஆண்டு ஓட்டினேன். 1999இல் தமிழக அரசு தமிழ்99 என்ற புதிய முறையைத் தரப்படுத்தியதும், அதற்கும் வெகுகாலம் கழித்தே நான் மாறியதும் வேறு கதை. மாறிய முதல் மாதம் நரகம். பழைய முறையில் ‘க’ இடதுகைச் சுட்டுவிரலில் இருந்தது. புதிய முறையில் வலதுகைக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் இப்போது புள்ளி. ‘கடிதம்’ என்று அடிக்கப் போவேன், தாளின் முதல் எழுத்தாகப் புள்ளி வந்து உட்காரும். ‘கெ’ அடிக்கவேண்டுமானால் தட்டச்சில் கொம்பை முதலில் போட்டுப் பிறகு எழுத்தைப் போடுவோம், கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி. தமிழ்99இல் எழுத்து முதலில், உயிர் பிறகு. வாயால் சொல்லும் வரிசை. யோசித்துப் பார்த்தால் புதியதுதான் இயற்கை. ஆனால் விரலுக்கு யோசனை ஏது?

அப்போது ஒன்றைக் கவனித்தேன். முற்றிலும் புதிதாக வந்தவற்றில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. பழகிய விசை அதே இடத்தில் இருந்துகொண்டு வேறு எழுத்தைத் தந்தபோதுதான் கை பொய்த்தது. என்னோடு அதே வாரம் தொடங்கிய ஒரு பெண், தட்டச்சே தெரியாதவள், பத்து நாளில் சரளமாக அடித்தாள். அவளுக்கு மறக்க ஒன்றுமில்லை. எனக்கு மறக்கவும் வேண்டும், படிக்கவும் வேண்டும். இரட்டை வேலை. (‘ம’ மட்டும் இரண்டு முறையிலும் ஒரே விசையில் இருந்தது. அந்த ஓர் எழுத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு பிரியம்.)

அந்தத் தம்பிக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அவருக்கு அந்தப் பலகையில் ஆறு ஆண்டுக் கை இல்லை. 51 வயதில் புதிது படிக்க 25 வயதைவிடக் கொஞ்சம் நேரம் பிடிக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் விவரிக்கும் தடுமாற்றம் பழகிய கையின் தடுமாற்றம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து, ஒரு புதிய பழக்கம் யோசிக்காமல் வரும் அளவுக்குப் படிய எத்தனை நாள் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் நடுவாக வந்த கணக்கு 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. அதுவும் சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு தம்ளர் தண்ணீர் போன்ற சின்னப் பழக்கங்களுக்கு. ஏழு வாரம் என்றால் 49 நாள். அதில் பாதி நாள் நீங்கள் பழைய செயலியிலும் இருந்தீர்கள்.

அதனால்தான், பழையதற்குத் திரும்பலாமா என்ற கேள்விக்கு இப்போதே என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. நீங்கள் இன்னும் புதியதில் முழுதாக ஒரு மாதம்கூட இருந்து பார்க்கவில்லை. ஒரு பார்ட்டியின் பில் வந்ததைப் பழையதில் குறித்துவிட்டுப் புதியதில் குறிக்காமல் விடுவது, நோட்டில் எழுதிய போன் செய்தியை இரண்டிலும் ஏற்றாமல் விடுவது என்று இந்த ஏழு வாரத்தில் எத்தனை நடந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். மூன்று இடத்தில் எழுதினால் மூன்று மடங்கு பாதுகாப்பு என்று மனம் சொல்லும். எது கடைசியாக எழுதியது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

பழைய செயலியை வெறுத்து மூட வேண்டாம். அதிலுள்ள எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கி அலுவலகக் கணினியில் வையுங்கள். இணைத்திருந்த சலான் நகல்களைத் தனியே இறக்கவேண்டியிருக்கும், பெரும்பாலும் அவை கோப்போடு வருவதில்லை. பலகையின் தலைப்பில் ‘பார்க்க மட்டும்’ என்று எழுதி ஒரு தேதி போடுங்கள். அந்தத் தேதிக்குப்பின் அதில் ஓர் எழுத்துகூட எழுதக்கூடாது. பழைய விவரம் தேடலாம். முக்கியமாக, அது கைப்பேசியின் முதல் திரையில் இருந்த இடத்தில் புதிய செயலியை வையுங்கள். விரல் அங்கேதான் போகும். போகட்டும்.

சொல்லப்போனால் எந்தச் செயலியும் நமக்குப் பட்டா போட்டுத் தந்த நிலம் அன்று. பெர்லினில் 2010இல் தொடங்கிய வுண்டர்லிஸ்ட் என்ற செயலியை நான் மிகவும் விரும்பிப் பயன்படுத்தினேன். 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே 6ஆம் தேதியோடு மூடியது. பட்டியல்களை மைக்ரோசாஃப்ட் டுடூவுக்குக் கொண்டுபோக வழி செய்திருந்தார்கள், கொண்டுபோனேன். போன பிறகுதான் என் பட்டியலின் லட்சணம் தெரிந்தது. ‘வங்கி’ என்று ஒரு வரி. ‘முருகன் விஷயம்’ என்று ஒரு வரி. எந்த வங்கி, முருகனுக்கு என்ன விஷயம்? பழைய இடத்தில் அந்த வரிக்கு மேலும் கீழும் இருந்தவற்றைப் பார்த்து எனக்குப் புரிந்துகொண்டிருந்தது. தனியே பெயர்த்து எடுத்ததும் ஊமையாகிவிட்டது. உங்கள் அட்டைகளிலும் ‘டி.டி.எஸ்.’ என்று மட்டும் எழுதியவை நிறைய இருக்கும். இனிமேல் பார்ட்டி பெயர், மாதம், செய்யவேண்டிய வினை மூன்றும் இருக்கட்டும்: ‘இன்னார், ஜூலை டி.டி.எஸ்., சலான் கட்டு’. நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் மற்றொருவர் படித்தால் புரியவேண்டும். நாளை மூன்றாவது செயலிக்கு மாறினாலும் அந்த வரி பேசும்.

நீங்கள் உண்மையில் எதை இழந்தீர்கள் என்பது இன்னும் மிச்சமிருக்கிறது. செயலிகளை ஒப்பிட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இது.

காலையில் அலுவலகம் வந்து, பையை வைத்துவிட்டு, பழைய பலகையைத் திறந்தீர்களே, அப்போது என்ன பார்த்தீர்கள்? தேதியைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். இடப்பக்க முதல் வரிசையின் நீளத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘பில் வரவேண்டும்’ வரிசை திரைக்குக் கீழே வரை தொங்கினால், இன்று யார் யாருக்குப் போன் போடவேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். பத்தாம் தேதி ஆகியும் மூன்று அட்டைகள் அங்கேயே கிடந்தால், எந்த மூன்று என்று பெயரைப் படிக்காமலே சொல்லியிருப்பீர்கள். மஞ்சள் பையில் பில்லை அள்ளிப்போட்டுக் கடைசி நாளில் கொண்டுவரும் பார்ட்டி எந்த அலுவலகத்துக்கும் இரண்டு பேராவது உண்டு. ‘சரிபார்ப்பு’ வரிசை வீங்கியிருந்தால் ஐயாவின் மேசையில் தேங்குகிறது என்று அர்த்தம்; நாசூக்காக ஞாபகப்படுத்தவேண்டும்.

இந்தப் பலகை முறையின் வேர் ஜப்பானில், டொயோட்டா தொழிற்சாலையில் இருக்கிறது. தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் வளர்த்தெடுத்த ‘கன்பான்’ முறையில், உதிரிபாகப் பெட்டியோடு ஓர் அட்டையும் கூடவே போகும். அட்டை எங்கே நிற்கிறதோ வேலை அங்கே நிற்கிறது. உங்கள் ஊர் தையல் யூனிட்டில் வெட்டிய துணிக்கட்டோடு பண்டில் டிக்கெட் மேசைக்கு மேசை நகர்கிறதே, ஏறக்குறைய அந்தச் சங்கதிதான். அங்கே சூப்பர்வைசர் தேதியைப் பார்ப்பதில்லை; எந்த மேசையில் கட்டு குவிகிறது என்று பார்க்கிறார். உங்கள் கண்ணும் ஆறு ஆண்டாக அந்தச் சூப்பர்வைசர் கண். தேதிவாரிப் பட்டியல் அந்தக் கண்ணைக் கட்டிவிட்டது. ‘இன்று என்ன கெடு?’ என்ற கேள்விக்கு அது நன்றாகப் பதில் சொல்லும். ‘எங்கே தேங்குகிறது?’ என்று கேட்டால் விழிக்கும்.

ஆகவே புதிய செயலியைப் பழையது மாதிரி ஆக்க முயலாமல், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அதில் இடம் தேடுங்கள். பட்டியல் செயலிகள் பலவற்றில் இப்போது பலகைக் காட்சியும் இருக்கிறது, ஒரு பொத்தான்தான். இருந்தால், மாதாந்திர ஜி.எஸ்.டி. வேலைக்கு மட்டும் அதைப் போட்டு, உங்கள் பழைய நான்கு வரிசைகளை அதே பெயரில் வையுங்கள். நான்காவதில் மட்டும் ஒரு மாற்றம்: ‘தாக்கல்’ வரிசைக்குக் கொண்டுபோனதும் டிக் போட்டு அனுப்பிவிட வேண்டும், அங்கேயே குடியிருக்க விடக்கூடாது. பலகைக் காட்சி இல்லை என்றால், ‘பில் வரவில்லை’ என்று ஒரு குறிச்சொல் போதும். காலையில் அந்தக் குறிச்சொல்லைத் தொட்டால் பில் தராத பார்ட்டிகள் மொத்தமும் ஒரே திரையில் வந்து நிற்பார்கள். வரிசையின் நீளம் திரும்பக் கிடைத்துவிடும். பி.எஃப்., இ.எஸ்.ஐ., டி.டி.எஸ். ஆகியவற்றுக்குப் பலகை வேண்டாம். அவை தேதிக்கு நடக்கும் வேலைகள், பட்டியலில் இருப்பதே நல்லது.

தேதி பற்றி இன்னொரு வார்த்தை. விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1க்கு 11, வரிக் கணக்கு தரும் 3பிக்கு 20 என்று மாதத் தாக்கல் பார்ட்டிகள் எல்லாருக்கும் கெடுதேதியையே போட்டு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் 3பியைப் பொறுத்தவரை 19ஆம் தேதி வரை திரை அமைதியாக இருக்கும்; 20ஆம் தேதி காலை நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். பலகையில் இந்தச் சிக்கல் கிடையாது, வரிசை நாள்தோறும் கண்முன்னே நகர்ந்துகொண்டிருந்தது. இப்போது செயலியில் போடவேண்டியது வேலையைத் தொடங்கும் தேதி. பார்ட்டிகளை நாலு கூறாகப் பிரித்து 12, 13, 14, 16 என்று பரப்புங்கள். 20 என்பதை வேலையின் பெயரிலேயே எழுதிவிடலாம். சில செயலிகளில் கெடுவுக்குத் தனி இடம் இருக்கிறது, இருந்தால் அங்கே போடுங்கள். தாமதமாகவே பில் தருபவர்களை 12க்குப் போடுவதா 16க்குப் போடுவதா என்று கேட்டால், நான் 12க்குப் போடுவேன். போன் போடத் தொடங்குவதும் வேலைதான்.

தம்பியிடம் பேசுவது பற்றி. மாற்றியதில் அவர் மேல் ஒரு குறை எனக்கு உண்டு. அந்தப் பலகையை அன்றாடம் பயன்படுத்தியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?’ என்று ஒரு நாள் கேட்டிருந்தால் 147 வந்திருக்காது. ஆனால் நீங்களும் ஏழு வாரமாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்வையில் எல்லாம் நன்றாகப் போகிறது. மேலாளரம்மா தினமும் செயலியைத் திறக்கிறார், டிக் போடுகிறார், வேறென்ன வேண்டும்?

கூச்சத்தின் காரணம் புரிகிறது. தூக்கி வைத்திருந்த பிள்ளையிடம் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல நாக்கு எழாது. அப்படிச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அது உண்மை இல்லை. பி.எஃப். விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்றைக்குக் கட்டினீர்கள், என்றைக்கு டிக் போட்டீர்கள், அடுத்தது எந்தத் தேதிக்கு வந்தது. பெரும்பாலான செயலிகளில் அந்த வேலையைத் திறந்தால் டிக் போட்ட நாள் தெரியும். அதை எடுத்துக்கொண்டு, ஐயா இல்லாத நேரமாகப் பார்த்து, “தம்பி, இந்த வேலை 15ஆம் தேதியிலிருந்து 19க்கு எப்படி நகர்ந்தது என்று கொஞ்சம் பார்க்கிறீர்களா? மற்ற பார்ட்டிகளுக்கும் இப்படி நகர்ந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது” என்று கேளுங்கள். கணக்கு படித்த பிள்ளை அந்தக் கேள்வியின் கனத்தை உடனே உணரும். செயலியைக் குறை சொன்னதாகவும் இருக்காது, உங்களைக் குறைத்துக்கொண்டதாகவும் இருக்காது. அவர் உட்கார்ந்து பார்க்கும்போது அந்தச் சனிக்கிழமை மதியத்தையும் கேட்டுவிடுங்கள்.

ஐயாவிடம் போகவேண்டுமா என்பதை இன்னும் இரண்டு ஜி.எஸ்.டி. சுற்று முடியும்வரை தள்ளிப்போடுங்கள். எண்ணும் முறை திருத்தி, பொய்ச் சிவப்பு போய், பில் வராதவர்களின் வரிசை கண்ணுக்குக் கிடைத்து, பழையதை மூடி, இரண்டு முழு மாதம். அதற்குப் பிறகும் நீங்கள் காலையில் கேட்கும் ஏதாவது ஒரு கேள்விக்கு அந்தச் செயலியால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போங்கள். அப்போது ‘பழையதுதான் நன்றாக இருந்தது’ என்று சொல்லவேண்டியிருக்காது. மாற்றுவதா, பலகைக்கே திரும்புவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

நோட்டை மட்டும் விடாதீர்கள். அதை ஏதோ திருட்டுத்தனம் போல எழுதியிருக்கிறீர்கள். பார்ட்டி போனில் பேசிக்கொண்டிருக்கும்போது செயலியைத் திறந்து, பிராஜெக்டைத் தேர்ந்தெடுத்து, தேதி போட்டு அடிப்பதைவிட ஒரு வரி கிறுக்குவது வேகம். நானும் வைத்திருக்கிறேன். நோட்டில் எழுதியதை மாலை வீட்டுக்குக் கிளம்புமுன் செயலியில் ஏற்றிவிட்டு, வரியின்மேல் ஒரு கோடு போடவேண்டும், அவ்வளவே. கோடு விழாத வரியோடு நோட்டு மேசையறைக்குள் போகக்கூடாது.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஆனால் ஒன்று காத்திருக்க முடியாது. நாளைக் காலை அந்த பி.எஃப். வேலையைத் திறந்து, அடுத்த மாதம் எந்தத் தேதி காட்டுகிறது என்று பாருங்கள். இந்த முறை வட்டியோடு கட்டிய நாளில்தான் டிக் போட்டிருப்பீர்கள். இப்போது அது இன்னும் தள்ளிப் போயிருக்கும். 15க்குக் கொண்டுவந்து, எண்ணும் முறையை மாற்றுங்கள். பிறகு பி.எஃப். உள்ள மற்ற பார்ட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டியிருக்கும். பாதியைத் தம்பியிடம் கொடுங்கள்.